பரிஸ்திதி லோலமும் என் பிழையும்

‘சூழல் உணர்ச்சிவசப்பட்ட மண்டலம்.’

போன மாதம் என் கைப்பேசிக்கு இப்படி ஒரு வரி வந்தது. அனுப்பியவர் நித்யா. இடுக்கி மலையில் ஒரு தாலுகா அலுவலகத்தில் நான் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இப்போது இருப்பவர். அந்த மலைத் தாலுகாக்களில் தமிழர்கள் அதிகம் என்பதால், அரசு மலையாளத்தில் விடும் அறிவிப்புகளைத் தமிழிலும் ஒட்ட வேண்டும். அந்தத் தமிழை எழுதுவதுதான் எங்கள் வேலை. இப்போது முதல் படியைக் கணினியே போட்டுவிடுகிறதாம். நித்யா திருத்தினால் போதும்.

‘மேடம், மலையாளத்துல பரிஸ்திதி லோல பிரதேசம்னு இருக்கு. கணினி இப்படிப் போடுது. நீங்க இதுக்கு என்ன எழுதினீங்க?’ என்று கேட்டிருந்தார்.

நான் எழுதிய சொல்லை அனுப்பினேன். ‘நல்லாருக்கே, எப்படிப் பிடிச்சீங்க?’ என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் கைப்பேசியில் தட்டி முடிகிற அளவில் இல்லை. நான் முதலில் பிடித்தது தப்பான சொல். அந்தச் சொல்லை நம்பி ஒரு குடும்பம் மலையை விட்டே இறங்கிப் போனது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். நித்யா கேட்டது நல்லதாகப் போயிற்று.

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை இருந்தது. வீட்டில் கொங்குத் தமிழ், பள்ளியில் தமிழ், பக்கத்துச் சித்தூர் கல்லூரியில் மலையாளம். பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்தது, இரும்புப் பெட்டியோடு மலையேறினேன். முதல் வருடம் முழுக்க என் ‘ஏனுங்க, இல்லீங்க’வைக் கேட்டு அலுவலகமே சிரித்தது. மலைத் தமிழர்களின் பேச்சு மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அவர்கள் ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்பதை நான் குறித்துவைத்துக்கொண்டு படித்தேன். தொழிலைக் கற்றேன் என்று சொல்ல வேண்டுமானால், அது மாத்யூ சார் தாசில்தாராக வந்த பிறகுதான்.

மாத்யூ சாருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கேட்டால் முக்கால்வாசி புரியும். மற்ற தாசில்தார்கள் தமிழ்ப் படியைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இவர் வந்த முதல் வாரமே, “வாயிக்கத் தெரியாத பேப்பர்ல ஞான் எப்படிங்க ஒப்பிடறது?” என்று கேட்டார். ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. கேட்டுவிட்டு, ஒரு முறையை ஏற்படுத்தினார்.

நான் பென்சிலில் எழுதிய தமிழை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போக வேண்டும். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பேச்சியம்மாளையும் அழைப்பார். பேச்சியம்மாள் தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர், நாலாம் வகுப்பு வரை படித்தவர். வாசலில் நின்று கேட்க மாத்யூ சார் விடமாட்டார். “பேச்சியம்மா, இரிக்கணும், நின்னா காது கேக்காது” என்று சொல்லி, எதிர்நாற்காலியில் உட்காரவைப்பார். நான் மெதுவாக வாசிப்பேன். முடிந்ததும் பேச்சியம்மாள் தனக்குப் புரிந்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். அதை நான் மலையாளத்தில் சொல்ல வேண்டும். மாத்யூ சார் மூல அறிவிப்பில் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பார்ப்பார். ஒத்துப் போனால் பச்சை மையில் கையெழுத்து. ஒத்துப் போகாவிட்டால் என்னைத் திட்டமாட்டார். தாளை என் பக்கம் நகர்த்தி, “ஒருக்கா கூடி” என்பார், இன்னொரு தடவை என்று. அவ்வளவுதான்.

ஒரு தடவை ‘உரிய அதிகாரியிடம் ஆட்சேபணை தெரிவிக்கலாம்’ என்று எழுதியிருந்தேன்.

“எதோ அதிகாரிகிட்ட போயிச் சண்ட போடலாம்னு சொல்லுதாவ. எந்த அதிகாரின்னு சொல்லலியே?” என்றார் பேச்சியம்மாள்.

மாத்யூ சார் சிரிக்கவில்லை. “அது சரியல்லே? எந்த அதிகாரி?” என்று என்னைக் கேட்டார். அந்த வரி ‘மறுப்பு இருந்தால் தாசில்தாரிடம், மாடியில் மூன்றாம் அறையில், எழுதித் தரலாம்’ என்று மாறியது. முதல் சில மாதம் எனக்கு அவமானமாக இருந்தது. எம்.ஏ. படித்தவள் எழுதியதற்குக் கூட்டுகிற அம்மாளிடம் மதிப்பெண்ணா என்று அழுதிருக்கிறேன். பிறகு, எழுதும்போதே பேச்சியம்மாளின் முகம் எதிரே வர ஆரம்பித்தது. அன்றிலிருந்துதான் என் தமிழ் ஒட்டுகிற சுவருக்கு ஏற்ற தமிழாயிற்று.

அந்த முறை ஒரே ஒரு தடவை தவறியது.

மலையோரக் கிராமங்களைப் பரிஸ்திதி லோல பிரதேசமாக அறிவிக்கும் வரைவு வந்த சமயம் அது. ஊரெல்லாம் அதே பேச்சு. மாத்யூ சார் ஒரு வாரப் பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் போயிருந்தார். பேச்சியம்மாள் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தார். மதியம் மூன்று மணிக்கு மூல அறிவிப்பு வந்தது. ஐந்து மணி ஜீப்பில் தமிழ்ப் படிகள் போயாக வேண்டும் என்றார் பொறுப்பில் இருந்த அதிகாரி.

பரிஸ்திதி என்பது சுற்றுச்சூழல், அதில் சிக்கலில்லை. லோலம்தான் இடித்தது. தமிழில் லோலன் என்றால் பெண்பித்தன். அகராதியைப் புரட்டி, யோசித்து, ‘சுற்றுச்சூழல் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதி’ என்று எழுதினேன். சரியான தமிழ்தான். தலைப்புக்குரிய பெரிய எழுத்தில் தட்டச்சு செய்தபோது அது ஒரு வரியில் அடங்கவில்லை. இரண்டு வரியாக்கினால் கீழே கையெழுத்துக்கு இடமில்லாமல் அடுத்த தாளுக்குப் போனது. ஜீப் டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தார். ‘எளிதில்’ என்பதை எடுத்தேன். அப்போதும் அடங்கவில்லை. ‘பாதிக்கப்படக்கூடிய’ என்பதைப் ‘பாதிக்கப்பட்ட’ என்று ஆக்கினேன். அடங்கியது. கையெழுத்தானது, ஜீப் போனது. நான் டீ குடிக்கப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, செல்லத்தாய் என்ற அம்மாள் என் மேசைக்கு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வண்டன்மேட்டுக்கும் ஆனைக்கரைக்கும் நடுவே ஒரு சரிவில் ஒன்றேகால் ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். மற்றவர் தோட்டத்தில் இருபது வருடம் காய் எடுத்து, அவரும் இறந்துபோன கணவரும் சேர்த்த நிலம். நிலத்துக்கான பட்டயம் கைக்கு வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நிலத்தை விற்பதற்கு ஒரு சான்று வேண்டி, தமிழில் மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். தமிழ் மனுக்களை மலையாளமாக்கி மேலே அனுப்புவதும் என் வேலை.

மனுவின் இரண்டாம் வரியில் என் பென்சில் நின்றுவிட்டது. ‘எங்கள் நிலம் பாதிக்கப்பட்ட பகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டதால், அரசாங்கம் காலி செய்யச் சொல்வதற்கு முன் விற்க வேண்டியுள்ளது.’

“ஏனுங்க்கா, காலி பண்ணச் சொல்லி யாருங்க சொன்னது?”

“நீங்கதானம்மா ஒட்டிருக்கீக. ரேசன் கடைச் செவுத்துல இருக்கே. பாதிக்கப்பட்ட பகுதின்னு பெருசாப் போட்டுருக்கு. அன்னைக்கு மண்ணு சரிஞ்சப்பவும் இப்பிடித்தான, பாதிக்கப்பட்ட பகுதின்னு போர்டு வச்சாக. வச்ச மறுநாளே அம்புட்டுப் பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. போனவுக திரும்பி வரலையே.”

மண்சரிவுக்குப் பிறகு அந்த மலையில் ‘பாதிக்கப்பட்ட பகுதி’ என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். வீடு போனது, ஆள் போனது, இனி இங்கே இருக்கக் கூடாது. அந்தப் பலகைகளுக்கும் தமிழ் எழுதியவள் நான்தான்.

“என்னைக்குப் பதிவு?”

“வியாழக்கெழம. வாங்குறவரு ரொம்ப அவசரப்படுறாரு. நானும் சரின்னுட்டேன். பாதிக்கப்பட்ட எடத்த இன்னொருத்தன் வாங்குறதே பெருசும்மா.”

மனுவை என் மேசையிலேயே வைத்துவிட்டு, மாத்யூ சார் அறைக்குப் போனேன். அவர் அப்போது பயிற்சி முடிந்து திரும்பியிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு ஒரு வரியில் அடங்காததால் வெட்டினேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர் பேனாவை மூடிவைத்தார். எத்தனை இடத்தில் ஒட்டியது என்று கேட்டார். சொன்னேன். மறுப்பு எழுதித் தர இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

“சாந்தாமணி, இந்த லோலம்ங்கிற வாக்கு எவிடேந்து வந்தது? ஞானும் தினமும் சொல்றேன். அர்த்தம் கேட்டா எனக்கும் தெரியில்ல. நாளைக்குக் காலையில சொல்லணும். அதுக்கு மின்னே ஒண்ணும் எழுத வேண்டாம்.”

அன்று மாலை குவார்ட்டர்ஸில் மூன்று அகராதிகளை விரித்துவைத்து உட்கார்ந்தேன். லோலம் வடமொழிச் சொல். அசைவது, நடுங்குவது என்பதுதான் முதல் பொருள். காதில் ஆடுகிற நகைக்கு நாம் சொல்லும் லோலாக்கு அதன் உறவு. மனம் ஒரு நிலையில் நில்லாமல் ஆடினால் அது ஆசை. தமிழ் அந்தப் பக்கமாகப் போய் லோலன் என்றது. லேசாகத் தொட்டாலே நடுங்குவது மென்மையானது. மலையாளம் இந்தப் பக்கமாக வந்து, பூவிதழையும் குழந்தையின் கன்னத்தையும் லோலம் என்றது. லோல்படுகிறான் என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் உறவு உண்டா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. பரிஸ்திதி என்பது பரி, ஸ்திதி என்று பிரியும். சுற்றி இருக்கும் நிலை. மலையாளத்துக்கும் மூலமான ஆங்கில அறிவிப்பில் சென்சிட்டிவ் என்று இருந்தது. தொட்டால் உணர்வது. ஆக மூன்று மொழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தன. இந்த இடம் கெட்டுப்போகவில்லை, கெடுத்தால் தாங்காது. நான் மட்டும் அதை ஏற்கெனவே கெட்டுப்போனது என்று எழுதிவிட்டேன்.

காலையில் சொன்னேன். மாத்யூ சார் பேச்சியம்மாளை அழைத்து உட்காரவைத்தார். பேச்சியம்மாள் முந்தின நாள்தான் விடுப்பு முடிந்து வந்திருந்தார். புதிய வாசகத்தை வாசித்தேன். ‘சுற்றுச்சூழல் எளிதில் பாதிக்கப்படக்கூடிய பகுதி’ என்று இரண்டு வரித் தலைப்பு. கீழே, மாத்யூ சார் வரைவை இரண்டு தடவை முழுக்கப் படித்துவிட்டுச் சேர்க்கச் சொன்ன வரி: ‘இந்த அறிவிப்பில் யாரையும் வெளியேற்றும் உத்தரவு இல்லை.’ பேச்சியம்மாள் கேட்டுவிட்டு, “இது சரி” என்றார். இன்னொரு வரியும் இருந்தது. ‘முந்தைய தமிழ்ப் படியில் மொழிபெயர்ப்பாளரின் பிழையால்’ என்று எழுதியிருந்தேன். மாத்யூ சார் அதைக் கேட்டதும் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒருக்கா கூடி. இந்த அலுவலகத்தின் பிழைன்னு எழுதுங்க. ஒப்பிட்டது ஆபீசு.”

“நான்தானுங்க சார் செஞ்சேன்.”

“ஆரு செஞ்சாலும் ஆளுகளுக்கு ஒண்ணுதான். எழுதுங்க.”

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். பிறகு, “செவுத்துல பேப்பர் மாத்தினா போதாது. நாம போகணும். பேச்சியம்மாவும் வரணும்” என்றார்.

புதன்கிழமை காலை ஆனைக்கரைப் பக்கத்தில் ஒரு சமூகக் கூடத்தில் ஆட்களைக் கூட்டியிருந்தார்கள். காய் எடுக்கும் பருவம். இருந்தும் வேலையை விட்டுவிட்டு நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். செல்லத்தாய் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாத்யூ சார் முதலில் எழுந்து, எங்கள் அலுவலகம் தவறாக எழுதிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று தன் உடைந்த தமிழில் சொன்னார். கூட்டம் அமைதியாகவில்லை. நான் எழுந்து சொல்லுக்கு விளக்கம் சொன்னேன். லோலம் என்றதுமே முன்வரிசையில் ஒருவர், “இத்தன வருசமா நாங்க லோல்படுறது பத்தாதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ‘படக்கூடிய’ என்பதற்கும் ‘பட்ட’ என்பதற்கும் வித்தியாசத்தைச் சொன்னேன். “எழுத்த மாத்திட்டா சட்டம் மாறிருமா?” என்று இன்னொருவர் கேட்டார். நான் படித்த மூன்று அகராதியும் அங்கே உதவவில்லை.

பேச்சியம்மாள் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை.

“இந்தா, எல்லாரும் கேளுங்க. எம்பொண்ணு பெத்து இருவது நாளாவுது. பச்சப்புள்ளைக்கு உச்சிக்குழி இருக்குல்லா? இங்கன. கைய வச்சா துடிக்கும். அதப் பாத்து புள்ளைக்கு நோவுன்னு சொல்லுவமா? நல்ல புள்ளதான். ஆனா அந்த எடத்த அமுக்கக் கூடாது. குளுப்பாட்டுதவளும் பாத்துதான் கைய வைப்பா. இந்த மலைக்கு அப்படித்தான் எழுதிருக்காவ. நீங்க புள்ளைய வளக்குத மாதிரி ஏலம் போடலாம், காய் எடுக்கலாம். பாறைய வெடிவச்சு ஒடைக்கக் கூடாது. மலையச் செதுக்கி ஆறு மாடி கட்டக் கூடாது. புள்ளைய விட்டுட்டு ஓடுங்கன்னு ஒருத்தரும் சொல்லல.”

கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் தங்களை அறியாமல் உச்சந்தலையில் கைவைத்ததைப் பார்த்தேன். ஒரு ஆள் எழுந்து, கவாத்துப் பண்ணலாமா, மருந்தடிக்கலாமா, வீட்டுக்கு ஒரு அறை எடுத்துக்கட்டலாமா என்று கேட்க ஆரம்பித்தார். அதெல்லாம் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். மாத்யூ சார் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழாக்கினேன். அதில் சிலருக்கு மறுப்பும் இருந்தது. வீடு கட்டும் விதி இறுகும் என்று பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. “அதை எழுதித் தாருங்கள், மாடியில் மூன்றாம் அறை” என்றேன்.

செல்லத்தாய் பின்னாலிருந்து எழுந்தார். “அப்ப நாளைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டாமாம்மா?”

“அது உங்க நெலம், உங்க இஷ்டங்க்கா. ஆனா அந்த நோட்டீசுக்குப் பயந்து போட வேண்டாம்.”

அவர் அப்படியே உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் தோளைத் தட்டினார்கள். மறுநாள் அவர் பதிவுக்குப் போகவில்லை. வாங்க வந்தவர் சத்தம் போட்டுவிட்டு முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலையும்போதுதான் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். “இத ரெண்டு வாரம் முந்திச் சொல்லிருக்கலாமேம்மா. தங்கராசு வித்துப்புட்டு கம்பத்துக்கே போயிட்டானே” என்றார். தங்கராஜ் செல்லத்தாயின் அடுத்த தோட்டக்காரர். அறிவிப்பு ஒட்டிய நான்காம் நாளே முக்கால் ஏக்கரை எழுதிக்கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு மலையிறங்கிவிட்டார். பதிவு முடிந்துபோன நிலத்துக்கு நாங்கள் செய்ய எதுவும் இருக்கவில்லை. மாத்யூ சார் ஒரு வக்கீலிடமும் கேட்டுப் பார்த்தார். வாங்கியவர் திருப்பித் தருவதாக இல்லை.

மேலேயிருந்து மாத்யூ சாருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. என்ன பதில் எழுதினார் என்று எனக்குக் காட்டவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவர் மாற்றலாகிப் போகும் வரை, அவசரம் என்று யார் சொன்னாலும், பேச்சியம்மாள் கேட்காமல் ஒரு தமிழ்த் தாளும் அலுவலகத்தை விட்டுப் போகவில்லை. அவர் போன பிறகு நானே அந்த வழக்கத்தைத் தொடர்ந்தேன். பேச்சியம்மாள் ஓய்வு பெற்றதும் கேன்டீனில் யாராவது இருப்பார்கள், அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். என் வேலைக்காலம் முழுவதும் என்னைக் காப்பாற்றியது அதுதான். அந்த இரண்டு பேருக்கும் நான் பட்ட கடன் சின்னதல்ல.

தங்கராஜைப் பார்க்கப் போக எனக்கு நான்கு மாதம் ஆனது. தைரியம் வரவில்லை என்பதே உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குமுளி வழியாகப் பஸ் பிடித்துக் கம்பத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போனேன். ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்துக் காவல் வீடு. அவர் பந்தலுக்குக் கீழே மருந்தடித்துவிட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்த அறிவிப்பை எழுதியது நான்தான், ஒரு சொல்லைத் தப்பாக எழுதிவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் மனைவி உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் டீ இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

தங்கராஜ் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அந்த வார்த்தைக்குச் சரியான அர்த்தந்தான் என்னம்மா?” என்று கேட்டார்.

சொன்னேன். இந்தத் தடவை அகராதியை இழுக்கவில்லை. கெட்டுப்போன இடம் என்று அர்த்தமில்லை, பார்த்துப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டிய இடம் என்றுதான் அர்த்தம் என்றேன்.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப எங்க எடத்துக்கு ஒண்ணும் ஆகலையா?”

“இல்லீங்க. ஒண்ணும் ஆகலீங்க. செடியெல்லாம் நல்லா பூச்சரம் விட்டு நிக்குது. வர்றப்ப எறங்கிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

அவர் உள்பக்கம் திரும்பி, மனைவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். “ஏய், மலைக்கு ஒண்ணும் ஆகலையாம். நம்ம செடியெல்லாம் சரம் விட்டுருக்காம்.”